சேறு பிணைத்த கற்கள்

பரானா ஆற்றுக்கும் உருகுவாய் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் செம்மண் பூமியில் சுண்ணாம்புக்கல் கிடைக்காது. சிவந்த மணற்பாறை உண்டு, இரும்பு ஏறிய கருஞ்செம்பாறை உண்டு, கணக்கில்லாத மரம் உண்டு; கல்லோடு கல்லைக் கட்டக் காரைதான் இல்லை. நத்தை ஓட்டைச் சுட்டு எடுத்த சொற்பச் சுண்ணாம்பு வெள்ளையடிக்கவே சரியாகப் போனது. அதனால் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் யேசு சபைப் பாதிரியார்களும் குவாரனி என்னும் பூர்வகுடி மக்களும் அங்கே எழுப்பிய பெரிய கோயில்களில் பலவற்றின் சுவர்களைச் சேறு வைத்தே கட்டினார்கள். இன்று அர்ஜென்டினாவில் இருக்கும் சான் இக்னாசியோ மினியின் கோயில் சுமார் 74 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். சுவரின் கனம் 2 மீட்டர். அவ்வளவு கனமிருந்தும் கூரையின் பாரத்தை உள்ளே நட்டிருந்த மரத்தூண்கள்தான் சுமந்தன.

கூரை இருக்கும்வரை சேறு காய்ந்து கிடக்கும். ஓடு நழுவினால் மழை இறங்கும். மழை இறங்கினால் சுவர் கரையத் தொடங்கும். ஆண்டுதோறும் ஓடு மாற்ற, உத்தரத்தில் கரையான் பார்க்க, வெள்ளையடிக்க ஊரில் ஆள் இருந்தாக வேண்டும். இப்படிப்பட்ட கட்டடம் எப்போது இடிந்தது என்று கேட்பதும் அந்த ஊர் ஜனங்கள் எப்போது போனார்கள் என்று கேட்பதும் ஒன்றுதான். யேசு சபைப் பாதிரியார்கள் எப்போது போனார்கள் என்பது வேறு கேள்வி. ஆனால் பிரபலமான கதையில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 1768இல் பாதிரியார்கள் வெளியேற்றப்பட்டார்கள், குவாரனிகள் காட்டுக்குத் திரும்பினார்கள், காடு கோயிலை விழுங்கியது. மூன்று வாக்கியங்களில் முதல் வாக்கியம் மட்டுமே முழு உண்மை.

காடு விழுங்கியதாகச் சொல்லப்படும் கோயிலைப் புகைப்படத்தில் பார்க்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1940களில் சான் இக்னாசியோ மினியில் மரங்களை வெட்டி அகற்றி, விழுந்துகிடந்த கற்களுக்கு எண்ணிட்டு, பழைய இடம் பார்த்து மறுபடி நிமிர்த்தினார்கள். நாம் காணும் அந்தச் செம்மணற்பாறை வாசலும் அதன் தேவதூதர்களும் ஒருமுறை விழுந்து எழுந்தவை. பக்கத்து ஊர்களான லொரேட்டோவிலும் சாந்தா அனாவிலும் கை அந்த அளவுக்குப் படவில்லை. வேரும் பாசியும் அங்கே இன்னும் உரிமையோடு இருக்கின்றன. பராகுவேயில் ஹெசூஸ் தெ தவராங்கே என்றொரு கோயில் இருக்கிறது. மூரிஷ் சாயலுள்ள மூவிதழ் வளைவுகளோடு மிக அழகான வாசல்கள். அதற்குக் கூரையே ஏறவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தபோதே 1768 வந்துவிட்டது. பயணிகள் அதையும் இடிபாடு என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இப்படி மொத்தம் முப்பது ஊர்கள் இருந்தன. இன்றைய எல்லைக் கோடுகளின்படி பதினைந்து அர்ஜென்டினாவுக்கும், எட்டு பராகுவேக்கும், ஏழு பிரேசிலுக்கும் வாய்த்திருக்கின்றன. மூன்று தேசங்களும் ஆளுக்கொரு பாரம்பரியச் சின்னமாக இவற்றை வைத்திருக்கின்றன. ஊர்கள் எழுந்த காலத்தில் இந்த மூன்று தேசங்களும் இல்லை.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அசுன்சியோன் நகரத்து ஸ்பானியர்கள் குவாரனிகளை என்கொமியெந்தா என்ற முறையில் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு வேலை வாங்கினார்கள். கிழக்கே சாவ் பாவ்லோவிலிருந்து பந்தெய்ராந்திகள் எனப்பட்ட அடிமை வேட்டைக்காரர்கள் படையாக வந்தார்கள். இரண்டு பக்கமும் நெருக்கிய நேரத்தில், 1609இல் தொடங்கி, யேசு சபையினர் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார்கள். சிதறிக் கிடக்கும் நீங்கள் ஓரிடத்தில் ஊராகக் கூடி வாழுங்கள். எந்த ஸ்பானியனுக்கும் ஊழியம் செய்ய வேண்டாம். அரசருக்கு மட்டும் வரி கட்டினால் போதும். இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் சிறியதல்ல. பல மனைவியரோடு வாழ்ந்த தலைவர்கள் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிலம் களைத்ததும் இடம் மாறும் பழக்கத்தை விட வேண்டும். பயே எனப்பட்ட பூசாரிகளின் பேச்சு எடுபடக் கூடாது. சிலர் சம்மதித்தார்கள், சிலர் சம்மதித்துவிட்டு ஓடினார்கள், சிலர் எதிர்த்தார்கள். அசுன்சியோனிலேயே பிறந்து குவாரனி மொழி பேசி வளர்ந்த ரோக்கே கொன்சாலெஸ் பாதிரியாரை 1628இல் கொன்றது, ஞெசு என்ற பயேயின் ஆணை. திருச்சபை ரோக்கேயைப் புனிதர் பட்டியலில் சேர்த்தது. ஞெசுவுக்கு எங்கும் சிலை இருப்பதாக நான் படித்ததில்லை.

அடிமை வேட்டை தாங்க முடியாமல் 1631இல் குவைரா பகுதியின் ஊர்கள் காலி செய்யப்பட்டன. லிமாவில் பிறந்த அந்தோனியோ ரூயிஸ் தெ மொந்தோயா பாதிரியாரின் தலைமையில் சுமார் 12,000 பேர் 700 தெப்பங்களில் பரானா வழியே இறங்கினார்கள். நடுவே குவைரா அருவிகள். ஆளில்லாமல் விட்டுப் பார்த்த ஓடங்கள் அருவியில் சுக்குநூறாயின. அதன்பின் காட்டுக்குள் நடை, பசி, நோய். புது இடத்தில் குடியேறியவர்கள் சுமார் 4,000 என்பது மொந்தோயாவே தரும் கணக்கு. அந்த அருவிகளை இன்று பார்க்க முடியாது. இத்தைப்பு அணையின் நீர்த்தேக்கம் 1982இல் அவற்றை மூழ்கடித்தது. கூடவே கரையோரம் வாழ்ந்த அவா-குவாரனிகளின் நிலங்களையும்.

பத்தாண்டு கழித்து நிலைமை திரும்பியது. மொந்தோயா மத்ரித்துக்கே போய், குவாரனிகள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். 1641 மார்ச்சில் உருகுவாய் ஆற்றின் ம்பொரொரே என்னுமிடத்தில், இக்னாசியோ அபியாரு என்ற குவாரனித் தலைவரின் கீழ், மூங்கில் குழாய்க்குத் தோல் சுற்றிச் செய்த பீரங்கிகளும் ஓடங்களில் ஏற்றப்பட்டன. பந்தெய்ராந்திகள் தோற்றார்கள். பிறகு நூறாண்டுக்கு மேல் ஸ்பானிய அரசின் எல்லையைக் காத்த படைகளில் முக்கியமானது இந்த ஊர்களின் படை. அடைக்கலம் தேடி வந்த ஜனங்கள் என்று மட்டும் இவர்களை எண்ணிக்கொண்டால் இந்தப் பகுதி கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

மொந்தோயா மத்ரித்தில் இருந்தபோது இன்னொரு வேலையும் முடித்தார். 1639இலும் 1640இலும் அவருடைய குவாரனி அகராதியும் இலக்கணமும் அங்கே அச்சேறின. தமிழ் வாசகருக்கு இது பழகிய காட்சி. அதே சபையின் அண்ட்ரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் தமிழில் அச்சிட்டிருந்தார். ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தபோது பராகுவே மாகாணம் உருவாகிக்கொண்டிருந்தது. வீரமாமுனிவர் இங்கே எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அங்கே குவாரனி அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சபை, ஒரே பயிற்சி. ஆனாலும் மதுரையில் நாயக்கர் அரசு இருந்தது, ஏடு இருந்தது, வாதிட எதிர்த்தரப்பில் பண்டிதர் இருந்தார். பாதிரியார் காவி கட்டிக்கொண்டு இந்தச் சமூகத்துக்குள் இடம் கேட்க வேண்டியிருந்தது. பரானாக் கரையில் சமூகத்தையே தெரு போட்டு, சதுக்கம் வைத்து, மணியடித்து எழுப்ப முடியும் என்று அவர்கள் நம்பினார்கள். பெருமளவு நடத்தியும் காட்டினார்கள்.

இதனால்தான் ஐரோப்பா மயங்கியது, பயந்தது. இத்தாலிய அறிஞர் முராத்தோரி 1743இல் அங்கே ஆதிக் கிறிஸ்தவத்தின் மகிழ்ச்சி திரும்பிவிட்டதாக ஒரு புத்தகம் எழுதினார். அவர் பராகுவேக்குப் போனதில்லை. வோல்த்தேர் 1759இல் 'காந்தீத்' நாவலில் அதே இடத்தைப் பாதிரியார்களின் ராஜ்யமாகக் கேலி செய்தார், அவரும் போனதில்லை. எல்லாவற்றிலும் விசித்திரம், 1756இல் பிரெஞ்சில் வெளியான 'பராகுவேயின் அரசர் முதலாம் நிக்கோலா'வின் வரலாறு. நிக்கோலாஸ் ஞெயெங்கிரு என்றொருவர் உண்மையில் இருந்தார். கொன்செப்சியோன் ஊரின் குவாரனித் தலைவர் அவர். தன் ஊருக்காகக் கடிதம் எழுதினார், படைக்கும் போனார். ஐரோப்பியத் துண்டுப் பிரசுரம் அவரைப் போக்கிரியாக, முடிசூடிய அரசனாக, சொந்த நாணயம் அடித்தவனாக ஆக்கிவிட்டது. கடிதம் எழுதிய குவாரனியைக் கற்பனை செய்ய அவர்களால் முடியவில்லை. கள்ள ராஜாவைக் கற்பனை செய்ய முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டும் அதே வழக்கையே நடத்தியது. 1901இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் கன்னிங்ஹாம் கிரகாம் அங்கே ஓர் இழந்த சொர்க்கத்தைக் கண்டார். அர்ஜென்டினாவின் கவிஞர் லுகோனெஸ் 1904இல் அதையே பாதிரியார்களின் சாம்ராஜ்யம் என்று சாடினார். அவருடைய பயணத்துக்குப் புகைப்படக்காரராகப் போன இளைஞர் ஓராசியோ கிரோகா. பிற்பாடு சான் இக்னாசியோவிலேயே வீடு கட்டிக் குடியேறி அந்தக் காட்டைத் தன் சிறுகதைகளுக்குள் கொண்டுவந்தார். 1986இல் வந்த 'தி மிஷன்' படம் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. அதில் மனசாட்சியின் வேதனை முழுவதும் வெள்ளைக்காரர்களுக்கு. குவாரனிகளுக்குப் பாட்டும் சாவும். சொர்க்கம் என்றவரும் சிறை என்றவரும் கேட்டது ஒரே கேள்வி: பாதிரியார்கள் நல்லவர்களா, கெட்டவர்களா? இந்தக் கேள்வியை இருநூற்றைம்பது ஆண்டு கேட்டாகிவிட்டது.

எனக்கு உறுத்துவது ஒரு சாதாரணக் கணக்கு. ஓர் ஊரில் மூவாயிரம், நாலாயிரம் குவாரனிகள் இருந்தார்கள். பாதிரியார்கள் பெரும்பாலும் இரண்டே பேர். முப்பது ஊர்களையும் சேர்த்து எண்ணினாலும் கடைசி ஆண்டில் நூறு பாதிரியார் இல்லை. இரண்டு பேர், அதில் ஒருவர் வயோதிகராகவோ காய்ச்சலில் படுத்தவராகவோ இருக்கக்கூடும், நாலாயிரம் பேரை ஆள முடியாது. ஊரை நடத்தியவர்கள் கபில்தோ என்ற ஊர்ச்சபையினர். அந்தச் சபையில் இடம்பெற்றவர்களில் பலர் பழைய குடித்தலைவர்களும் அவர்களுடைய மக்களும். வீடுகளின் வரிசைகூடக் குடித்தலைவர்வாரியாகவே அமைந்திருந்தது. கிடங்கின் சாவி, மாட்டுக் கணக்கு, பருத்தி நூற்கும் பெண்களுக்கு வாரந்தோறும் பஞ்சு நிறுத்துத் தருவது, சங்கீதம் பழக்குவது, ஓலை எழுதுவது எல்லாம் குவாரனிகளின் கையில்.

எழுத்து விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் காட்டில் அச்சுப்பொறி ஓடியது. 1705இல் நியெரெம்பெர்க் பாதிரியாரின் பெரிய பக்தி நூல் ஒன்று குவாரனியில் அச்சானபோது அதன் செப்புத்தகட்டுச் சித்திரங்களில் ஒன்றில் கையெழுத்திட்டிருப்பவர் ஹுவான் யபாரி, குவாரனி. 1720களில் வெளியான மறைக்கல்வி நூலிலும் பிரசங்க நூலிலும் நூலாசிரியராகப் பெயர் போட்டிருப்பவர் நிக்கோலாஸ் யபுகுவாய், அவரும் குவாரனி. இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பெயரில்லாத ஒருவரின் கையெழுத்துப் பிரதி. 1704-05இல் போர்த்துகீசியர் வசமிருந்த கொலோனியா தெல் சக்ரமென்தோவை முற்றுகையிட இந்த ஊர்களின் படை போனது. படையில் போன ஒரு குவாரனி, நடந்ததையெல்லாம் தன் மொழியில் நாட்குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார். மதமாற்றத்துக்காகத் தரப்பட்ட எழுத்து, போர்க்களத்துக்கும் நிர்வாகத்துக்கும் வழக்காடலுக்கும் கைமாறிவிட்டது.

பராகுவே பக்கத்து ஊரான திரினிதாத்தின் கோயில் உட்சுவரில் கல்லில் செதுக்கிய தேவதூதர்களின் வரிசை ஒன்று இருக்கிறது. யாழ் மீட்டுகிறார்கள், எக்காளம் ஊதுகிறார்கள், ஆர்கன் வாசிக்கிறார்கள். மரக்கா என்ற கிலுகிலுப்பையை ஆட்டும் தேவதூதரும் உண்டு. மரக்கா பயேக்களின் கருவி. ஊருக்குள் நுழையவிடாத பூசாரியின் கருவி கோயிலின் சுவரில், இறக்கை முளைத்து நிற்கிறது. வரைபடம் போட்டவர் மிலானிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் பிரிமோலியாக இருக்கலாம். உளி பிடித்தவரிடம் அந்த இடத்தில் யாரும் அனுமதி கேட்கச் சொன்னதாகத் தெரியவில்லை. கேட்டுத்தான் செய்தார் என்றால் அனுமதித்தவரைப் பற்றியும் நாம் கொஞ்சம் மாற்றி யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதால் அந்த ஊர்கள் சுகமான இடங்களாகிவிடாது. சதுக்கத்தில் சவுக்கடி இருந்தது. விதவைகளும் அநாதைப் பெண்களும் சுற்றுமதில் போட்ட தனி இல்லத்தில் வைக்கப்பட்டார்கள். எல்லாவற்றுக்கும் மணி. சவுக்கைவிடக் கொடியது, நெருங்கிய வீடுகளில் பரவிய அம்மையும் காய்ச்சலும். 1732இல் முப்பது ஊர்களின் ஜனத்தொகை 1,41,182. அடுத்த எட்டு ஆண்டுகளில் பெரியம்மை, தட்டம்மை, பஞ்சம், அசுன்சியோன் கிளர்ச்சியை அடக்கப் படையாக இழுத்துச் செல்லப்பட்டது, ஊரைவிட்டு ஓட்டம் எல்லாம் சேர்ந்து அது சுமார் 74,000 ஆனது. பாதி ஊர் இல்லை. பிரேசில் பக்கத்து ஊரான சாவ் மிகேலில் பிரிமோலியின் பெரிய கோயில் எழுந்ததும் இதே காலத்தில்தான், 1735க்கும் 1745க்கும் இடையில். யார் கல் சுமந்தார்கள், சுமந்தவர்களில் எத்தனை பேர் முடிவைப் பார்த்தார்கள் என்று எந்தத் தகவல் பலகையும் யோசிக்கச் சொல்வதில்லை.

1750இல் மத்ரித் ஒப்பந்தம் கையெழுத்தானது. கொலோனியா தெல் சக்ரமென்தோவை ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டு உருகுவாய் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த ஏழு ஊர்களைப் போர்த்துகல் எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய 30,000 பேர் மாடுகளோடு ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். வீடும் கோயிலும் தோட்டமும் அங்கேயே இருக்கும். ஓர் ஊருக்கு நஷ்ட ஈடு 4,000 பெசோ. கொலோனியாவை மீட்க எந்த ஜனங்கள் ரத்தம் சிந்தினார்களோ அவர்களுடைய ஊரையே கொலோனியாவுக்கு விலையாகத் தந்தார்கள். சபையின் மேலிடம் கீழ்ப்படியச் சொன்னது. ஆணையை நிறைவேற்ற வந்த அல்தமிரானோ பாதிரியாரை, இவர் யேசு சபையாரே இல்லை, அங்கி போட்டு வந்த போர்த்துகீசியர் என்று குவாரனிகள் சந்தேகித்தார்கள். 1753இல் ஊர்ச்சபைகள் ஆளுநருக்குக் குவாரனியில் கடிதம் எழுதின. முந்தைய அரசர்கள் தந்த வாக்குறுதிகளையும் தங்கள் படைச் சேவையையும் எடுத்துக்காட்டி, சொந்த மண்ணை விட்டுப் போகச் சொல்வது அரசரின் விருப்பமாக இருக்க முடியாது என்று வாதிட்டன. குழந்தைகளைப் போலப் பாதுகாக்கப்பட்டவர்கள் என்று பாதிரியார்களின் நண்பர்களும் விரோதிகளும் ஒருங்கே சொன்ன ஜனங்களின் மனுக்கள் இவை.

இரு சாம்ராஜ்யங்களும் சேர்ந்து படையெடுத்தன. 1756 பிப்ரவரி 7 அன்று குவாரனித் தளபதி சேப்பே தியாராயு கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து கைபோவாத்தேயில் சுமார் 1,500 குவாரனிகள் விழுந்தார்கள். எதிர்ப்படையில் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 1761இல் அந்த ஒப்பந்தமே ரத்தாகிவிட்டது. பிழைத்தவர்கள் திரும்பி வந்து கூரை மாற்றினார்கள். இது முக்கியம்: திரும்பி வந்தார்கள்.

1768க்குப் பிறகு நடந்ததை மெதுவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மெதுவாக நடந்தது. போர்த்துகலில் அமைச்சர் பொம்பால் 1759இலேயே சபையைத் துரத்தியிருந்தார். அந்த ஆணை நம் மதுரை மிஷனின் வேரையும் அறுத்தது. ஸ்பெயின் அரசரின் முறை 1767இல் வந்தது. ஆளுநர் புக்கரெல்லி முதலில் குவாரனித் தலைவர்களை புவெனஸ் ஐரஸுக்கு வரவழைத்து, விருந்து வைத்து, 'தோன்' என்று மரியாதையாக அழைத்தார். அவர்கள் அரசருக்கு நன்றிக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். அதே சமயத்தில் சான் லூயிஸ் ஊர்ச்சபை பாதிரியார்களை எங்களிடமே விட்டுவையுங்கள் என்று கேட்டு எழுதியது. அந்தக் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு மறக்கவில்லை. அரசருக்கு அனுப்பச் சில பறவைகளை ஆளுநர் கேட்டிருந்தார் போலும். பறவைகளைப் பிடிக்க முடியவில்லை, அவை கடவுள் படைத்த காட்டில் இருக்கின்றன, எங்களைக் கண்டால் பறந்துவிடுகின்றன என்று பணிவாகத் தொடங்கிவிட்டு விஷயத்துக்கு வருகிறார்கள். நன்றி சொன்ன கடிதமும் மன்றாடிய கடிதமும் இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன். முப்பது ஊர்களில் முப்பது விதமான அரசியல் இருந்திருக்கும்.

பாதிரியார்கள் போன மறுநாள் யாரும் காட்டுக்கு ஓடவில்லை. அரசு அனுப்பிய நிர்வாகிகள் வந்தார்கள். கணக்கு தெரியாதவர்கள் சிலர், கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் பலர். மாட்டுத் தோலுக்குச் சந்தை சூடுபிடித்தது, மந்தைகள் கரைந்தன. மாத்தே என்ற பானத்துக்கான இலைத் தோப்புகள் பராமரிப்பின்றிப் போயின. விதை முளைக்கவைக்கும் ரகசியத்தைப் பாதிரியார்கள் கையோடு கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு கதை. விதை ஊன்றி நாற்றுப் பிடுங்கி நட்ட ஆயிரம் கைகளுக்குத் தெரியாத ரகசியமா? வேலையின் பலன் ஊருக்கு வராது என்றான பின் அந்தக் கைகள் வேறு இடம் தேடின. தச்சர்கள், நெசவாளர்கள், வாத்தியக்காரர்கள், மாடு மேய்ப்பவர்கள் புவெனஸ் ஐரஸுக்கும் மொந்தெவிதேயோவுக்கும் சுற்றியிருந்த பண்ணைகளுக்கும் போனார்கள். கைத்தொழில் தெரிந்தவன் கூலி கிடைக்கும் இடத்துக்குப் போனான். பார்பரா கான்சன், கியெர்மோ வில்தே, ஜூலியா சரியல் போன்றோர் பெரும்பாலும் இந்தக் கணக்கேடுகளையும் கடிதங்களையும் புரட்டித்தான் பழைய கதையைத் திருத்தினார்கள்.

1768இல் சுமார் 89,000 பேர் இருந்த ஊர்களில் 1801இல் ஏறக்குறைய 45,000 பேர் மிஞ்சினார்கள். அந்த ஆண்டுதான் போர்த்துகீசியர்கள் கிழக்கு ஏழு ஊர்களை ஒரு சிறு கூட்டத்தை வைத்தே நிரந்தரமாகக் கைப்பற்றினார்கள். யபெயு என்ற ஊரில் நிர்வாகியாக வந்த ஸ்பானிய அதிகாரிக்கு 1778இல் ஒரு மகன் பிறந்தான்; அவன்தான் பிற்காலத்தில் அர்ஜென்டினாவின் விடுதலை வீரர் சான் மார்த்தின். அதே யபெயுவை 1817இல் சாகாஸின் போர்த்துகீசியப் படை எரித்தது. மேற்குக் கரையின் மற்ற ஊர்களையும் கொள்ளையிட்டது. அந்தக் காலத்தில் ஊர்களைக் காக்க நின்றவர் அந்த்ரெசித்தோ என்ற குவாரனித் தளபதி. 1828இல் உருகுவாய்த் தளபதி ரிவேரா கிழக்கு ஊர்களில் மிஞ்சிய குடும்பங்களைச் சிலைகளோடும் மணிகளோடும் உருகுவாய்க்குக் கொண்டுபோனார். பராகுவே பக்கத்தில் ஊர்களின் பொதுச் சொத்து 1848 வரை நீடித்தது. பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டு குவாரனிகளைக் குடிமக்கள் என்று அறிவித்தது. நிலம் போனது, குடியுரிமை வந்தது.

ஆக அந்தக் கூரைகள் சரிய எண்பது ஆண்டு பிடித்தது. தீ வைத்தவர்களுக்குப் பெயர் உண்டு, கொடி உண்டு, படைப்பிரிவு உண்டு. காட்டின் மேல் பழி போடுவது மூன்று தேசங்களுக்கும் வசதி.

மொழியைப் பற்றியும் ஒரு வசதியான கதை உலவுகிறது. பராகுவேயில் இன்று பெரும்பான்மையோர் குவாரனி பேசுகிறார்கள், 1992 அரசியல் சட்டம் அதை ஆட்சிமொழியாக்கியது, இதெல்லாம் பாதிரியார்கள் காத்துக்கொடுத்தது என்பார்கள். அந்தப் பேச்சுமொழி பெரும்பாலும் அசுன்சியோன் வட்டாரத்து வீடுகளில், ஸ்பானியத் தகப்பனுக்கும் குவாரனித் தாய்க்கும் பிறந்தவர்கள் வளர்த்தது. யபுகுவாய் எழுதிய மொழி, போர் நாட்குறிப்பின் மொழி, ஊர்ச்சபைகளின் மனு மொழி வேறு. அந்த எழுத்து நடை ஊர்களோடு சேர்ந்து அவிந்தது. இந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்கியவர் பர்த்தோமெயு மெலியா, அவரும் யேசு சபைப் பாதிரியார்தான். காட்டுவாசிகளான ஆச்சே மக்கள் கொல்லப்படுவதை எதிர்த்துப் பேசியதற்காக 1976இல் சர்வாதிகாரி ஸ்த்ரோஸ்னரின் ஆட்சி அவரை பராகுவேயிலிருந்து வெளியேற்றியது. மறுபடியும் ஒரு வெளியேற்றம். இந்த முறை யாரும் காவியம் எழுதவில்லை.

பிரேசிலின் சாவ் மிகேலில், கோயில் இடிபாட்டுக்கு எதிரே லூசியோ கோஸ்தா வடிவமைத்த ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. பின்னாளில் பிரசீலியா நகரத்துக்குத் திட்டம் வகுத்த அதே கோஸ்தா. 1937இல் இங்கே வந்து பார்த்துவிட்டு, சிதறிக் கிடந்த கற்களையே பயன்படுத்தி, பழைய குவாரனி வீட்டு வரிசையின் தாழ்வாரம் போலக் கட்டச் சொன்னார். உள்ளே மரச் சிலைகள். அவற்றில் பல, சுற்றுவட்டாரக் குடும்பங்களின் வீடுகளில் வழிபாட்டில் இருந்தவை, அருங்காட்சியகத்துக்காகச் சேகரிக்கப்பட்டவை. கொடுத்தவர்கள் எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்களா என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

அந்தத் தாழ்வாரத்தில், குவாரனிகளில் ஒரு பிரிவினரான ம்பியா-குவாரனிப் பெண்கள் பாய் விரித்துக் கூடைகளையும், மரத்தில் செதுக்கிச் சுட்டுக் கோடிட்ட ஆந்தை, சிறுத்தை பொம்மைகளையும் விற்கிறார்கள். ஊருக்கு வெளியே கோயெஞ்ஜு என்ற அவர்களுடைய குடியிருப்பு. அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஆரியேல் ஒர்த்தேகா தன் நண்பர்களோடு சேர்ந்து 2008இல் எடுத்த ஆவணப்படம், கேமராவைப் பயணிகளின் பக்கம் திருப்புகிறது. பொம்மைக்குப் பேரம் பேசுகிறவர்கள், அனுமதி கேட்காமல் குழந்தையைப் படமெடுக்கிறவர்கள், நீங்கள் கோயில் கட்டியவர்களின் சந்ததியா என்று சந்தேகத்தோடு கேட்கிறவர்கள். 2012இல் வந்த அடுத்த படத்தில் ஊர்ப் பெரியவர்களிடம் அந்தக் கல்வீட்டை, அதாவது கோயில் இடிபாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போகிறார்கள்.

வரலாற்றறிஞர்களுக்கு இங்கே ஒரு சங்கடம். ம்பியாக்களின் முன்னோரில் பெரும்பாலோர் இந்த ஊர்களுக்குள் வராமல் காட்டிலேயே தங்கியவர்கள், அதாவது மணியோசையை மறுத்தவர்கள், என்று ஒரு கருத்து உண்டு. ம்பியாப் பெரியவர்கள் சொல்வது வேறு. அழிவில்லாத நிலத்தைத் தேடி நடந்த தங்கள் முன்னோர் கட்டிவிட்டுப் போன இடம் அது; பாதிரியார் அந்தக் கதையில் ஓரமாக வந்து போகிறவர். ஆவணத்தோடு ஒட்டாத கதை என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஓடிப்போனவனும் உள்ளே இருந்தவனும் அண்ணன் தம்பிகளாக இருந்தார்கள், ஒரே ஆள் இரண்டு வாழ்க்கையையும் வாழ்ந்ததுண்டு என்பதை அந்தக் காலத்துப் பாதிரியார்களின் புலம்பல்களே காட்டுகின்றன. முராத்தோரியும் வோல்த்தேரும் போகாமலே சொல்லிவைத்ததைவிட, கல்லைத் தொட்டு உட்கார்ந்திருப்பவர் சொல்வதற்குக் கூடுதல் தகுதி உண்டு.

பிரேசில் அரசின் பாரம்பரியத் துறை 2014இல் சாவ் மிகேலைக் குவாரனிகளின் நினைவுக்குரிய இடமாக, 'தவா' என்ற அவர்களுடைய பெயரிலேயே, தன் பதிவேட்டில் சேர்த்தது. அதற்கு முன்பு, 1983இல், யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியமாக்கியிருந்தது. பதிவேட்டில் சேர்ந்ததால் அவர்களுக்கு நிலம் எதுவும் திரும்பி வரவில்லை. இடிபாட்டின் வேலியைத் தாண்டினால் அந்த வட்டாரம் எங்கும் சோயா வயல்கள்.